சீக்கோ எஸ்கேஎக்ஸ் 007 வாங்குவதும் பராமரிப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சீக்கோ நிறுவனத்தின் எஸ்கேஎக்ஸ் 007 டைவர் வாட்ச் 1996-இல் வந்தது, 2019 வாக்கில் உற்பத்தி நின்றது. கடைகளில் கிடைத்த காலத்தில் அதை யாரும் அபூர்வப் பொருளாக நினைக்கவில்லை. இப்போது புதிதாகக் கிடைக்காது என்பதால் தேடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், போலிகளும், பாகங்கள் மாற்றிய ஒட்டுவேலைகளும் கூடவே பெருகிவிட்டன. வாங்க நினைப்பவர்களும் வாங்கி வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இந்த வாட்சில் அப்படி என்ன விசேஷம்?

இது தோற்றத்துக்காக மட்டும் டைவர் பாணியில் செய்யப்பட்ட வாட்ச் இல்லை. முக்குளிப்பவர்கள் கட்டும் கைக்கடிகாரங்களுக்கென்று ஐஎஸ்ஓ 6425 என்ற சர்வதேசத் தரவிதி ஒன்று இருக்கிறது. நீரழுத்தம், இருட்டில் மணி தெரிவது, அதிர்ச்சி, காந்தம், உப்புநீர் என்று பல சோதனைகள் அதில் உண்டு. 200 மீட்டர் என்று எழுத வேண்டுமென்றால் அதற்கும் 25 சதவீதம் கூடுதலான அழுத்தத்தைத் தாங்கிக் காட்ட வேண்டும். 007 அந்த விதிக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது. டயலில் 'டைவர்ஸ் 200 மீ' என்று எழுதியிருப்பதன் பொருள் அதுதான்.

மற்றபடி எல்லாம் நிதானமான, யோசித்துச் செய்த வேலை. கிரவுன் என்கிற பக்கத் திருகு 3 மணிக்கு நேராக இல்லாமல் 4 மணி அருகே தள்ளி இருக்கிறது. மணிக்கட்டை மடக்கும்போது கையில் குத்தாது. பெசல் என்கிற வெளி வளையம் ஒரு பக்கமாக மட்டும் 120 சொடுக்குகளில் சுழலும். தெரியாமல் இடித்துத் திரும்பினாலும் தண்ணீருக்குள் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. முக்குளிப்பவரின் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அப்படி. உள்ளே 7எஸ்26 என்ற தானியங்கி மெஷின். தேய்மானத்தைக் குறைக்கும் 21 கற்கள், மணிக்கு 21,600 துடிப்பு, கிழமையும் தேதியும் காட்டும். முழுதாக ஏறியிருந்தால் கழற்றி வைத்த பிறகும் சுமார் 40 மணி நேரம் ஓடும்.

இவ்வளவையும் சாதாரண மக்கள் வாங்கி அன்றாடம் கட்டக்கூடிய ஒரு பொருளில் கொடுத்தார்கள். என்னைப் பொறுத்தவரை இந்த வாட்சின் பெருமையே அதுதான்.

007, 009, 011, 013 என்று பல எண்கள் சொல்கிறார்களே?

007 கறுப்பு டயல், கறுப்பு பெசல். 009-இல் டயல் நீலம், பெசல் நீலமும் சிவப்பும். 011-இல் ஆரஞ்சு டயல். 013 என்பது 007-இன் சிறிய உருவம். 007 ஏறக்குறைய 42 மில்லிமீட்டர் அகலம் என்றால் 013 சுமார் 38. மெல்லிய கை உள்ளவர்கள் 013-ஐத்தான் தேடுகிறார்கள், அதனால் அது இன்னும் அரிது. எல்லாவற்றிலும் மெஷின் ஒன்றே.

ஜே வகை உசத்தி, கே வகை மட்டம் என்பது உண்மையா?

இல்லை. மாடல் எண்ணின் கடைசியில் ஜே இருந்தால் டயலில் 'மேட் இன் ஜப்பான்' என்றும் '21 ஜுவல்ஸ்' என்றும் அச்சிட்டிருக்கும். கே வகையில் அந்த வரிகள் இருக்காது. மெஷினிலோ, கேஸ் என்கிற வெளிக்கூட்டிலோ, உழைப்பிலோ வித்தியாசம் சொல்ல முடியாது. கே1 என்றால் ரப்பர் ஸ்ட்ராப்புடன் வந்தது, கே2 என்றால் ஜூபிலி பாணி ஸ்டீல் செயினுடன் வந்தது. ஜே வகைக்குச் சந்தையில் கூடுதல் விலை கேட்பார்கள். அந்த இரண்டு வரி எழுத்து உங்களுக்கு முக்கியம் என்றால் கொடுங்கள். ஆனால் தேய்ந்த ஜே ஒன்றும் சுத்தமான கே ஒன்றும் ஒரே விலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு கே-யை எடுங்கள். இன்னொன்று, ஜே டயல்கள் தனியாகவும் விற்கப்படுகின்றன, கே வாட்சைத் திறந்து டயலை மாற்றி ஜே என்று விற்பது கடினமான வேலை இல்லை.

இப்போது வரும் சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் அதே மாதிரிதானே இருக்கிறது? அதையே வாங்கினால் என்ன?

முகம் அதேதான். 2019-இல் அந்த வரிசை புது வடிவில் வந்தபோது மெஷினை மேம்படுத்தினார்கள். புதிய 4ஆர்36-இல் கையால் சாவி கொடுக்கலாம், கிரவுனை இழுத்தால் விநாடி முள் நிற்கும். 007-இல் இரண்டும் கிடையாது. ஆனால் புதியதில் நீர்த்தாங்கும் அளவு 100 மீட்டராகக் குறைந்தது, கிரவுனும் திருகிப் பூட்டும் வகை இல்லை. டைவர் வாட்சின் உருவம் மட்டும் வேண்டும், தினமும் கட்டவேண்டும், தலைவலி வேண்டாம் என்பவருக்கு அது நல்ல வாட்ச். நான் தயங்காமல் சொல்வேன். உண்மையான டைவர் வாட்ச் வேண்டும் என்பவருக்கு அது 007-க்கு மாற்று ஆகாது.

எந்த ஆண்டில் செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பின்மூடியில் ஆறு இலக்கத் தொடர் எண் இருக்கும். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை அப்படியே, அக்டோபருக்கு பூஜ்யம் போன்ற 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. 83 என்று தொடங்கினால் மார்ச் மாதம், ஆண்டு 1998, 2008, 2018 மூன்றில் ஒன்று.

எந்தப் பத்தாண்டு என்று தெரிய மற்ற அடையாளங்களைப் பார்க்க வேண்டும். அதில் நம்பகமானது மெஷின் மேலுள்ள எழுத்து. 7எஸ்26ஏ முதலில் வந்தது, பிறகு பி, கடைசியாக சி. 1998 என்று சொல்லப்படும் வாட்சைத் திறந்தால் உள்ளே சி மெஷின் இருந்தால், ஒன்று ஆண்டு தப்பு, இல்லை மெஷின் மாற்றப்பட்டிருக்கிறது.

அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

இந்த ஒரு கேள்விக்கு நேரம் ஒதுக்குங்கள். 007-க்கு டயல், முள், பெசல், கண்ணாடி, கேஸ் வரை எல்லாமே வெளியார் தயாரித்து விற்கிறார்கள். ஒரு அசல் பாகம்கூட இல்லாமல் முழு 007 ஒன்றைக் கட்டிவிட முடியும். அதனால் 'அசலா, போலியா' என்று ஒரே வீச்சில் கேட்பதைவிட எந்தெந்தப் பாகம் அசல் என்று தனித்தனியாகப் பார்ப்பதுதான் சரி.

முதலில் விநாடி முள். 007-இல் ஒளிரும் புள்ளி முள்ளின் வால் பக்கத்தில் இருக்கும், நுனிப் பக்கத்தில் இல்லை. அது நுனியில் இருந்தால் முள் மாற்றப்பட்டது. இது படத்திலேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஒளிரும் பூச்சு. இதில் சீக்கோவின் லூமிபிரைட் இருக்கிறது. கதிரியக்கம் இல்லாதது, வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டில் வெளிவிடும். நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் காட்டிவிட்டு இருட்டறைக்குள் கொண்டுபோனால் பளிச்சென்று எரிய வேண்டும், டயலும் முள்ளும் ஏறக்குறைய ஒரே நிறத்தில், ஒரே வலுவில் எரிய வேண்டும். முள் பச்சையாகவும் டயல் நீலமாகவும் எரிந்தால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசிய பழைய வாட்சுகளில் பூச்சு வெண்ணெய் நிறத்துக்கு மாறுவதைச் சேகரிப்பவர்கள் விரும்புவார்கள். 007-இல் அப்படி அழகாகப் பழுப்பேறியிருந்தால் மகிழ வேண்டாம். தண்ணீர் புகுந்திருக்கலாம், அல்லது பழையது போலத் தெரியச் சாயம் பூசியிருக்கலாம்.

மூன்றாவது தேதிச் சாளரம். கிரவுன் 4 மணி பக்கம் இருப்பதால் உள்ளே மெஷினும் சற்றுச் சாய்ந்தே உட்கார்ந்திருக்கும். அதற்கேற்ப எழுத்துகள் திருப்பி அச்சிட்ட கிழமை, தேதி வட்டுகள் இதற்கென்று உண்டு. கிரவுன் 3 மணியில் இருக்கும் வாட்சுக்கான மெஷினை அப்படியே எடுத்துப் போட்டால் எழுத்துகள் சாளரத்தில் கோணலாக நிற்கும். கோணல் தேதி கண்ணில் பட்டால் மெஷின் மாறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது பின்மூடி. நடுவில் அலைச் சின்னம் ஆழமாகச் செதுக்கியிருக்கும், சுற்றி எழுத்துகளும் தொடர் எண்ணும், பெரும்பாலும் 7எஸ்26-0020 என்ற குறியும் இருக்கும். டயலின் அடிப்புறமும் 7எஸ்26 என்று தொடங்கும் குறி பொடி எழுத்தில் காணப்படும். இரண்டும் தொடர்பே இல்லாமல் இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இவை எல்லாம் பார்த்த பிறகு, விற்பவரிடம் பின்மூடியைத் திறந்து எடுத்த படம் ஒன்று கேளுங்கள். திறக்க முடியாது என்பது நியாயமான பதில்தான், கருவி எல்லோரிடமும் இருக்காது. ஆனால் அசல் மெஷின் என்று சொல்லித்தான் கூடுதல் விலை கேட்கிறார் என்றால் அதைக் காட்டுவதும் அவர் பொறுப்பு.

டயலைச் சுற்றியுள்ள வளையம் கோணலாக இருக்கிறது. போலியா?

இல்லை. நிமிடக் கோடுகள் உள்ள அந்த வளையம் டயலோடு துல்லியமாக நேராக உட்காராமல் வருவது இந்த வாட்சின் ஆலைக் குணம். சீக்கோ ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த குறை. அரைக் கோடு, ஒரு கோடு விலகல் சகஜம்.

பாகங்கள் மாற்றிய வாட்சை வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம், ஒட்டுவேலை என்ற பெயரிலும் அதற்குரிய விலையிலும். எளிதில் கீறல் விழாத சபையர் கண்ணாடி போட்டு, 4ஆர்36-க்கு இணையான என்ஹெச்36 மெஷின் போட்ட 007 அன்றாடப் பயன்பாட்டுக்கு அசலைவிட வசதியானது. அசல் என்று சொல்லி விற்பதுதான் பிரச்சினை. அப்படி மாற்றியிருந்தால் கழற்றிய அசல் பாகங்கள் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால் அவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது எதை முதலில் சோதிப்பது?

கிரவுனை. இடப்பக்கமாகத் திருகினால் பூட்டு விடுபட்டு வெளியே துள்ள வேண்டும். திரும்ப அமுக்கி வலப்பக்கம் திருகினால் மரை தடுமாறாமல் பிடித்து, கடைசிவரை மெதுவாக இறங்க வேண்டும். வழுக்கினாலோ, பாதியில் சிக்கினாலோ, கடைசியில் இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேஸ் பக்கத்து மரை தேய்ந்துபோனால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை, பல நேரம் கேஸையே மாற்ற வேண்டிவரும். கீறலை ஏற்கலாம், பெசல் வெளுத்திருந்தால் ஏற்கலாம், மெஷின் நின்றிருந்தால்கூட ஏற்கலாம். தேய்ந்த மரையை ஏற்காதீர்கள்.

அப்புறம் கண்ணாடியின் உள்பக்கம். வாட்சைச் சாய்த்துப் பிடித்து ஓரங்களில் மங்கலான படலமோ, முள்களின் மேல் புள்ளி புள்ளியாகத் துருவோ இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் உள்ளே போனதற்கு அதுதான் சாட்சி. பிறகு பெசலைச் சுற்றிப் பாருங்கள். 120 சொடுக்கும் சீராக விழ வேண்டும். இறுகி நின்றால் பெரும்பாலும் உப்பும் அழுக்கும்தான், கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும்.

பெட்டியோடு, கட்டவே கட்டாத புதுசு என்கிறார்கள். அது பத்திரமான தேர்வுதானே?

பார்வைக்குப் பத்திரம். ஓட்டத்துக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஓடாமல் கிடந்த வாட்சிலும் எண்ணெய் வயதாகும், ரப்பர் வாஷர்கள் இறுகும். பத்துப் பதினைந்து ஆண்டு பெட்டியில் இருந்த 007-ஐக் கட்டப்போகிறீர்கள் என்றால் சர்வீஸ் செலவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். கட்டப்போவதில்லை, அப்படியே வைத்திருக்கப்போகிறேன் என்பவருக்குப் பெட்டியும் தாள்களும் பின்மூடியில் ஒட்டிய ஸ்டிக்கரும் முக்கியம்.

என் விருப்பம் வேறு. கேஸின் ஓரங்கள் கூர்மையாக இருக்கிற, ஒருவரே வாங்கிக் கட்டிய, நியாயமாகக் கீறல் விழுந்த வாட்சை எடுப்பேன். இப்படிப்பட்ட வாட்சில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல ஆள் இருக்கிறார்.

சாவி எப்படிக் கொடுப்பது? கிரவுனைச் சுற்றினால் ஏறவில்லையே.

ஏறாது. 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்கும் வழியே இல்லை. கையில் கட்டினால் தானே ஏறும். உள்ளே அரைவட்ட எடை ஒன்று எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங்கை ஏற்றுகிற மாதிரி 'மேஜிக் லீவர்' என்ற அமைப்பு இருக்கிறது. 1959 முதல் சீக்கோ பயன்படுத்தும் எளிமையான, உறுதியான ஏற்பாடு. நின்றுபோன வாட்சை அரை நிமிடம் பக்கவாட்டில் மெதுவாக ஆட்டினால் ஓடத் தொடங்கும். பிறகு மணி வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். குலுக்க வேண்டிய அவசியமே இல்லை.

தேதி மாற்றும்போது மட்டும் கவனம். இரவு 9 மணியிலிருந்து விடிகாலை 4 மணி வரை தேதிப் பற்சக்கரங்கள் தாமே பிடித்து நகரும் நேரம். அப்போது கிரவுனால் மாற்றினால் பல் உடையலாம். வாட்ச் எந்த மணியில் நின்றது என்பது தெரியாது என்பதால், முதலில் முள்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியைத் தொடுவது நல்ல பழக்கம்.

தினமும் 15 விநாடி கூடுதலாக ஓடுகிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. இந்த மெஷினுக்குச் சீக்கோ சொன்ன வரம்பு நாளுக்கு 20 விநாடி குறைவு முதல் 40 விநாடி கூடுதல் வரை. ஓடத் தொடங்கி ஒரு மாதமாவது கட்டிப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். இரவில் டயல் மேலே பார்க்க வைப்பதா, கிரவுன் கீழே இருக்க நிறுத்தி வைப்பதா என்பதைப் பொறுத்தும் சில விநாடி கூடும் குறையும். அதை வைத்தே பகல் பிழையைச் சமன்செய்துகொள்கிறவர்கள் உண்டு.

திடீரென்று ஒரே நாளில் பல நிமிடங்கள் முந்தினால் அது வேறு கதை. பெரும்பாலும் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், கைப்பைக் காந்தப் பூட்டு, டேப்லெட் உறை இவற்றின் அருகில் வைத்தால் போதும். காந்த நீக்கி என்ற சிறு கருவியில் சில நொடிகள் காட்டினால் பழையபடி ஓடும். வாட்ச் சரிசெய்பவர் எல்லோரிடமும் இருக்கும்.

ஓட்டத்தை அளக்கக் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல்: 7எஸ்26-க்கு அந்தக் கருவியில் பதிய வேண்டிய 'லிஃப்ட் ஆங்கிள்' என்ற கோணம் 53 பாகை. அதை மாற்றாமல் அளந்தால் வீச்சின், அதாவது உள்ளே ஊசலாடும் சக்கரம் எவ்வளவு தூரம் சுழல்கிறது என்பதன், கணக்கு தப்பாகக் காட்டும்.

இதைக் கட்டிக்கொண்டு நீந்தலாமா?

200 மீட்டர் என்ற வாக்குறுதி வாட்ச் புதிதாக இருந்த நாளுக்கு உரியது. அதைக் காப்பாற்றுவது பின்மூடியிலும் கிரவுனிலும் கண்ணாடியைச் சுற்றியும் இருக்கிற ரப்பர் வாஷர்கள். அவை காலத்தால் தட்டையாகி, இறுகி, வெடிக்கும். பழைய 007 ஒன்றை வாங்கியவுடன் வாஷர்களை மாற்றி, சிலிகோன் கிரீஸ் தடவி, அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். தண்ணீரில் முக்காமல் காற்றழுத்தத்திலேயே சோதிக்கும் கருவி இருக்கிறது, அதில்தான் செய்ய வேண்டும். தேர்ச்சி பெற்றால் தாராளமாக நீந்துங்கள். அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை சோதித்தால் போதும்.

கடல்நீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, பெசலை இரண்டு சுற்று சுற்றிவிடுங்கள். வெந்நீர்க் குளியலும் சோப்பும் வேண்டாம், வாஷரை அவை கெடுக்கும். ஈரமாக இருக்கும்போது கிரவுனைத் தொடவே வேண்டாம்.

சர்வீஸ் செய்வதா, மெஷினையே மாற்றிவிடுவதா?

பலரும் மாற்றச் சொல்வார்கள். புதிய என்ஹெச்36 வாங்கிப் போடுவது, 7எஸ்26-ஐப் பிரித்துக் கழுவி எண்ணெய் இட்டுச் சேர்ப்பதைவிடச் செலவு குறைவாக முடிவது உண்டு என்பதால் அந்த யோசனையில் தப்பில்லை. தினமும் கட்டும் வாட்ச் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். பழைய கிழமை, தேதி வட்டுகளைப் புதிய மெஷினுக்கு மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன கோணல் தேதி வந்துவிடும். பழைய மெஷினைத் தூக்கிப் போடாமல் காற்றுப் புகாத சிறு டப்பாவில் வைத்திருங்கள்.

ஏ வகை மெஷினோடு தொடக்க கால 007 கிடைத்திருந்தால் மாற்ற வேண்டாம். பொறுமையாகச் சர்வீஸ் செய்யுங்கள். 7எஸ்26 எளிமையான மெஷின், தேறிய எவரும் செய்யலாம். எவ்வளவு ஆண்டுக்கு ஒருமுறை என்றால், நன்றாக ஓடும் வாட்சை ஐந்தாறு ஆண்டு வரை தொடாமல் விடலாம் என்பது என் கருத்து. ஆனால் ஓட்டம் மெதுவாகத் தளர்ந்தாலோ, கழற்றி வைத்த இரவிலேயே நின்றாலோ காத்திருக்காதீர்கள். காய்ந்த எண்ணெயோடு ஓடும் அச்சுகள் தேய்ந்துகொண்டே போகும்.

பாலிஷ் போடலாமா?

வேண்டாம். கேஸின் மேல்பக்கம் நுண்கோடுகள் தெரிகிற மங்கல் மெருகு, பக்கவாட்டில் பளபளப்பு, இரண்டும் சந்திக்கும் இடத்தில் கூரான ஓரம். சாதாரண பாலிஷ் சக்கரம் அந்த ஓரத்தைத்தான் முதலில் கரைக்கும். ஒருமுறை வழுவழுப்பாகிவிட்டால் பழைய உருவம் வராது.

வெளுத்துப்போன பெசல் வட்டு, கீறிய ஹார்ட்லெக்ஸ் (சீக்கோவின் சொந்தக் கண்ணாடி வகை) இரண்டையும் மாற்றலாம். கழற்றிய அசல் வட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராப் மாற்றும்போது கவனிக்க வேண்டியது?

அகலம் 22 மில்லிமீட்டர். ஸ்ட்ராப்பைக் கேஸோடு பிடித்திருக்கும் ஸ்பிரிங் பார்கள் இதில் சாதாரண வாட்சில் வருவதைவிடத் தடிமன், 2.5 மில்லிமீட்டர். தண்ணீருக்குள் வாட்ச் கழன்று விழக்கூடாது என்பதற்காகவே அப்படி. கையில் கிடைத்த மெல்லிய பார்களைப் போட்டால் துளையில் ஆடும், ஒருநாள் நழுவும்.

கட்டாதபோது வாட்சைச் சுழற்றி ஓடவைக்கும் வாட்ச் வைண்டர் வாங்க வேண்டுமா?

தேவையில்லை. கட்டாத நாட்களில் நின்றுபோகட்டும்.

முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டிய உதிரிப் பாகங்கள் உண்டா?

உண்டு. அசல் கிரவுனும் அதை மெஷினோடு இணைக்கும் ஸ்டெம் தண்டும் ஒரு ஜோடி, பின்மூடி வாஷர் இரண்டு, அசல் பெசல் வட்டு ஒன்று, தடித்த ஸ்பிரிங் பார் இரண்டு ஜோடி. மெஷினுக்கும் கண்ணாடிக்கும் மாற்று எளிதாகக் கிடைக்கிறது, அதனால் அவசரம் இல்லை. அசல் டயலும் முள்களும்தான் நாளுக்கு நாள் அரிதாகின்றன. நம்பகமான ஒருவர் அவற்றை உதிரியாக விற்றால், இப்போதைக்குத் தேவையில்லை என்றாலும் எடுத்து, விரல் படாமல் உறையிலேயே வெயில் படாத இடத்தில் வையுங்கள்.